கம்பு நின்ற கரை

வாப்பா இருந்தார், உம்மா இருந்தார், மாமா மோட்டார்சைக்கிளில் வந்திருந்தார். மூத்தவர், நானா மட்டும் இல்லை. கண்டக்குழியில் எங்கள் கரைவலை இழுக்கும் கரையில், வலை வைக்கும் வாடிக் குடிசைக்குக் காவலாக நின்றார். நான் எப்படிச் சட்டம் படிப்பது என்று பேசத்தான் கூடினோம். கூட்டம் முடிந்தபோது முடிவானது நானாவின் பயணம்.

அந்தக் கரை வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து எங்கள் கையில். பக்கத்துத் தென்னந்தோப்பை ஒரு ஹோட்டல்காரர் வாங்கிய பிறகு, நில அளவைக்காரர்கள் எங்கள் கரையிலும் வந்து நின்றார்கள். வீட்டில் ஒருவன் சட்டம் படித்தே ஆகவேண்டும் என்று வாப்பா பிடிவாதம் பிடித்தது அன்றிலிருந்துதான். எங்கள் குடும்பத்தில் ஓ.எல். பரீட்சை தாண்டிய முதல் ஆள் நான்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு என் புள்ளி போதவில்லை. வீட்டிலிருந்தே படிக்கும் நான்கு வருடப் பட்டப்படிப்பு ஒன்று இருந்தது, காசு கட்டவேண்டும். கைப்பேசியில் பாடத்திட்டத்தை வாசித்துக் காட்டினேன். சட்ட அறிமுகம், அரசியலமைப்பு, குற்றவியல்...

"காணிச் சட்டம் எங்க மகன்?" என்றார் வாப்பா.

"அது மூணாம் வருசம் வாப்பா."

"அத மொதல்ல படிக்கேலாதா?"

மாமா சிரித்தார். "மச்சான், மாவு குழைக்க முந்தியே பாண் கேக்குறீங்களே! பெரியவன கட்டாருக்கு அனுப்புவம். சின்னவன்ட படிப்புக்கு அவன் காசு அனுப்பட்டும்."

"அப்ப வாடில ஆரு நிக்கிற?" என்றார் உம்மா.

"கம்பு நிக்கும்," என்றார் வாப்பா.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் கரையில் வலை இழுக்க முடியாது. ஊரே கடலேரியான களப்புப் பக்கம் தொழிலுக்குப் போய்விடும். போகும்போது வலைக்கயிறு கட்டும் கம்பை மணலில் ஊன்றிவிட்டுப் போவோம். கம்பு நிற்கிற கரையில் வேறு யாரும் கால்வைக்க மாட்டார்கள்.

"அந்தக் கம்புலயும் அளக்க வந்தவங்க செவப்பு மை பூசி ஈக்கிறாங்க. சோறு கொண்டு போனப்ப கண்டன்," என்றார் உம்மா.

"நல்லதுதானே. தூரத்துல இருந்தே தெரியும்," என்றார் வாப்பா.

நாங்கள் சிரித்தோம். உம்மா தேத்தண்ணிக் கேத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நானா விமானம் ஏறினார். நான் படிப்புக்குப் பதிந்தேன். வழக்கம் என்று சொன்னால் போதாது, அதை நிரூபிக்க வேண்டும் என்று முதல் வருடப் புத்தகத்தில் இருந்ததை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஊரே சாட்சி சொல்லுமே," என்றார்.

ஊர் அப்போது களப்பில் இருந்தது.

காற்று அடங்கித் திரும்பியபோது கம்பு அசையாமல் நின்றது. அதைச் சுற்றிச் சீமெந்துத் தூண்கள், முள்ளுக்கம்பி. வாடி இருந்த இடத்தைத் துப்புரவாகக் கூட்டி வைத்திருந்தார்கள். வாப்பா வேலிக்கு வெளியே நின்று கையை நீட்டிப் பார்த்தார், கம்பு எட்டவில்லை.

புத்தளத்துச் சட்டத்தரணி அம்மா எங்கள் பத்திரங்களைக் கேட்டார். கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. "ஆளில்லாத கரை எண்டு ஹோட்டல்காரங்க மாசா மாசம் படம் எடுத்து வச்சிருக்காங்க. ஒரு மனுசன் நிண்டிருந்தாலும் கத வேற," என்றார்.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. வலையைத் தோளில் சுமந்து கடலுக்குப் போக, வேலியோரமாக ஒரு ஒற்றையடி வழி விட்டார்கள். கரை போனது போனதுதான். காணிச் சட்டம் படிக்க நான் இன்னும் பதியவில்லை. மூன்றாம் வருடத்துக்கென்று நானா அனுப்பிய காசும் வழக்குச் செலவாக அந்த வழிக்கே போயிற்று: எல்லாமாக நான்கு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபா.