அம்மா அடைத்த வாய்க்கால்

செம்மேட்டு உரக்கடையிலிருந்து வந்த மருந்து வாடை, எனக்குப் பத்து வயதில் பெரியப்பா எங்கள் வயலில் நின்று கத்திய நாளுக்கு இழுத்துப் போனது.

அப்பா இறந்தபின் பள்ளத்து வயல் அம்மா பேருக்கு வந்தது. நெல்லுக்கு அடித்த மருந்து கீழ்த்தெரு ஊற்றில் கலந்து, குழந்தைகள் வயிற்றுப்போக்கில் வாடின. அம்மா நெல்லை நிறுத்தினாள். சேற்று நிலத்தை வயலாக்க முன்பு வெட்டிய வடிகால் வாய்க்காலை மண்போட்டு அடைத்தாள். வயல் பழையபடி சேறாகி, கோரை முளைத்தது.

“சோறு போட்ட பூமிய சேறாக்கிப்போட்டியே!” என்று பெரியப்பா மண்வெட்டியால் அடைப்பை வெட்டினார்.

“நெலம் என்ர பேர்லதானுங்க இருக்குது. நம்ம வெசத்த அவங்க எதுக்குங்க குடிக்கோணும்?” என்று அம்மா மறுபடி அடைத்தாள்.

எங்கள் வீட்டுக்கு யாரும் போகக்கூடாது என்றார் அவர். அவருக்குப் பயந்து கீழ்த்தெருக்காரர்களும் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்காகத்தான் அம்மா மண் சுமந்தாள்.

இரண்டு மழைக்காலம் கழித்து ஊற்று தெளிந்தது. பெரியப்பா வீட்டிலிருந்தும் ஊற்றுக்குக் குடம் வந்தது. தட்டிவிடப் போன என் கையை அம்மா பிடித்தாள்.

“உடு கண்ணு, குடிக்கட்டும்.”

சாகும்வரை அவர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார். அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அம்மாவுக்கு மனசு ஆறிவிட்டது. எனக்கு இந்தக் கடைவாசலில் நிற்கும்போதும் ஆறவில்லை.