பாலியில் அரபி பேசிய நாள்

என் வீட்டுக்காரருக்கு அரபி தெரியும் என்று அவர்தான் சொல்லுவார். கல்யாணத்துக்கு முன்னால் ரியாத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது கற்றுக்கொண்டது. பத்தா பஜார் பக்கம் அறை, நாளெல்லாம் வீடு வீடாக டியூட்டி. அதனால் அவருடைய அரபி முழுக்க ஏசி அரபி. கேஸ் இல்லை, கம்ப்ரசர் போச்சு, தண்ணி சொட்டுது, நாளைக்கு வர்றேன். இதைத் தாண்டி ஒரு பேச்சு வந்தால் கையை ஆட்டிச் சமாளிப்பார். அப்புறம் குவைத்துக்கு மாறி, மங்காஃபில் குடித்தனம் வைத்த பிறகும் அந்த அரபி வளரவில்லை. குறையவும் இல்லை.

நான் அங்கே ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். எனக்கு இங்கிலீஷ் வரும். வெளியே போனால் கடைக்காரர், டாக்ஸிக்காரர், பக்கத்து வீட்டு பிலிப்பினோ அம்மா எல்லாரும் என்னிடம்தான் பேசுவார்கள். இவர் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். இது அவருக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது என்பது எனக்குப் பாலிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பெருநாள் லீவுக்கு பாலிக்குப் போகலாம் என்று முடிவானது. அந்தத் தீவில் தெருவுக்குத் தெரு கோயில் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லியிருந்தாள். ஒரு நாள் முழுக்க நமக்கென்று ஒரு காரும் வழிகாட்டியும் வைத்துக்கொண்டு கோயிலாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "நானே புக் பண்றேன், நீ சும்மா இரி" என்றார் இவர். அவர் எதையும் தானாகப் பதிவு செய்கிற ஆளில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டேன்.

போனில் பதிவு செய்கிற பக்கத்தில் வழிகாட்டி எந்த மொழி பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தமிழ் இல்லை. இங்கிலீஷ் என்று போட்டால் வழக்கம்போல நான் பேசிக்கொண்டு வருவேன், இவர் பை தூக்க வேண்டும். அதனால் அரபி என்று போட்டுவிட்டார். பெயர் கேட்ட இடத்தில், வேலையில் அரபிகள் தங்கள் வாய்க்குத் தோதாகத் திருத்தி வைத்திருந்த பெயரைப் போட்டார். ஊர் குவைத் என்று போட்டார். இது எதுவும் எனக்குத் தெரியாது.

காலையில் ஹோட்டல் வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். பூப்போட்ட சட்டை, தலையில் கறுப்புத் தொப்பி, வாய் நிறையச் சிரிப்பு. எங்களைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்து "அஸ்ஸலாமு அலைக்கும், அஹ்லன் வ ஸஹ்லன்" என்றார். இவர் ஒரு அடி உயர்ந்துபோய் "வ அலைக்கும் ஸலாம்" என்று இழுத்துச் சொன்னார். நான் விமானத்து ஏசியில் காது அடைத்துப்போய், ஷாலைத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தேன். இவருக்கோ லீவில் வளர்ந்த தாடி. அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது.

காருக்குள் ஒரு டப்பா பேரீச்சம்பழம், ஏலக்காய் போட்ட அரபிக் காபியான காவா, பின்சீட்டில் மடித்து வைத்த தொழுகை விரிப்பு.

"என்னங்க இது, பேரீச்சம்பழம் தர்றாரு?"

"மரியாதை தெரிஞ்ச ஆளு. ரியாத்ல ஒரு கஃபீல் முதலாளி வீட்டுல டிரைவரா இருந்தாராம். பத்தா எல்லாம் தெரியுதாம்" என்றார் இவர். அதற்குமேல் என் பக்கம் திரும்பவில்லை. இருவரும் முன்சீட்டில் அமர்ந்து பேச ஆரம்பித்தார்கள். அந்த மனிதருடைய அரபி டிரைவர் அரபி. வலது, இடது, மேடம் வர்றாங்க, ஸ்கூல் விட்டாச்சு. ஏசி அரபியும் டிரைவர் அரபியும் எங்கேதான் சந்திக்கும் என்று தெரியவில்லை, ஆனால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கார் மலை ஏறியது. வழியெல்லாம் கோயில். கல்லில் செதுக்கிய வாசல்கள், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி சுற்றிய சிலைகள். ஒவ்வொன்றும் வரும்போது அந்த மனிதர் வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டி, எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். எதிர்ப்பக்கம் வயலோ, மாடோ, ஒன்றும் இல்லாவிட்டால் வானமோ இருந்தது.

முதலில் ஒரு ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். பறித்துத் தின்றோம். அடுத்து ஒரு ஏரி. ஏரிக்குள்ளேயே அடுக்கடுக்காகக் கூரை வைத்த ஒரு கோயில், பனிக்குள் மிதப்பது போல நின்றது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் என் போனை வாங்கிக்கொண்டு, எங்களை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் ஒரு குதிரையின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுத்தார். பார்த்தால் குதிரை முழுசாக இருக்கிறது, ஏரி இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். அவ்வளவு பெரிய கோயிலின் ஒரு ஓடுகூடப் படத்தில் விழவில்லை.

இனிப் பொறுக்க முடியாது என்று நானே பேசினேன். "வீ வான்ட் டெம்பிள். ஒன்லி டெம்பிள்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஐ நோ, மேடம். ஹியர் டூ மச் டெம்பிள். டோன்ட் வொர்ரி. வீ கோ, நோ டெம்பிள்."

"நீங்க சொல்லுங்க இவர்கிட்ட" என்று இவரைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் தொண்டையைச் செருமினார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது, கோயிலுக்கு அரபியில் என்ன சொல் என்று தெரியாது. எந்தக் கோயிலில் அவர் ஏசி மாட்டினார்? கைகளை அகல விரித்து, "பைத்... கபீர்... கதீம்" என்றார். வீடு, பெருசு, பழசு. அந்த மனிதர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "யல்லா" என்று வண்டியை எடுத்தார்.

போய் நின்ற இடம் நீச்சல் குளத்தோடு கூடிய ஒரு வில்லா. வாசலில் கோட்டு போட்ட ஒருவர் இளநீரோடு காத்திருந்தார். அந்த மனிதர் முன்னமே போன் போட்டுச் சொல்லிவிட்டார் போல. குவைத்திலிருந்து வீடு வாங்க வந்திருக்கும் குடும்பம் என்று எங்களை அறை அறையாகக் கூட்டிப் போனார்கள். நான் இவரை முறைத்தேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல், தலைக்கு மேலே ஏசியைப் பார்த்துக்கொண்டே வந்தார். படுக்கையறையில் நின்று, காற்றில் கையை நீட்டி, "கேஸ் மாஃபி" என்றார். கேஸ் இல்லையாம். கோட்டுக்காரர் அதைக் குறித்துக்கொண்டார். பழைய வீடாக இல்லை என்று ஏதோ காரணம் சொல்லி வெளியே வந்தோம்.

மத்தியானம் சாப்பாடு. பாலிச் சாப்பாடு எப்படி இருக்குமோ என்று நான் பசியோடு உட்கார்ந்திருந்தேன். வந்தது மந்தி, அரபிக்காரர்களின் கறிச்சோறு. மங்காஃபில் எங்கள் பில்டிங்குக்குக் கீழேயே கிடைக்கிற, வெள்ளிக்கிழமை தோறும் நாங்கள் வாங்கிச் சாப்பிடுகிற அதே மந்தி. அதே நீளச் சோறு, அதே ஆட்டுக்கால், அதே தக்காளிச் சட்னி.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர்.

"கடல் தாண்டி வந்து இதத் திங்கணுமா?"

"சூடா இருக்குல்ல."

நான் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். அந்த மனிதர் வண்டிக்குப் பின்னாலிருந்து தொழுகை விரிப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிவாசல். இவருடைய தோளில் தட்டி "யல்லா, ஸலா" என்றார். தொழப் போகலாம் வா என்று அர்த்தம்.

காலையிலிருந்து கிடைத்த மரியாதை எல்லாம் எதற்கு என்று அந்த நொடியில்தான் இவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பாவம், பொய் சொல்லத் தெரியாத ஆள். சட்டென்று இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒரு கண்ணை மட்டும் திறந்து "ஹிந்து" என்றார். பிறகு மறுபடியும் மூடிக்கொண்டார்.

அந்த மனிதர் இவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஷாலை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, போன் முகப்பில் இருந்த பிள்ளையாரைக் காட்டினேன். அவர் அப்படியே காரின் படியில் உட்கார்ந்துவிட்டார். கோபமோ என்று பயந்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, இவரிடம் ஒரு மூச்சு பேசினார். இவர் எனக்குச் சொன்னார்:

"நமக்குப் பிடிக்காதுன்னு நெனச்சு காலையிலருந்து கோயில மறைச்சு மறைச்சுக் கொண்டாந்தாராம். இந்த ஊர்ல கோயில் இல்லாத ரோடு கண்டுபிடிக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமான்னு கேக்காரு. ராத்திரி உக்காந்து வழி யோசிச்சாராம்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போய் நிதானமாகத் தொழுதுவிட்டு வந்தார். வந்து ஸ்டியரிங்கைப் பிடித்ததும் ஆளே வேறாகிவிட்டார். மலை இறங்கிய வேகத்தில் நான் எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டேன்.

கூட்டிப் போனது ஊற்றுக்கோயில். பாறையிலிருந்து வருகிற தண்ணீரை வரிசையாகக் கல் வாய்களில் விழவிட்டு, கீழே குளத்தில் இறங்கி ஒவ்வொன்றாகத் தலையை நனைத்துக்கொண்டு போக வேண்டும். வாசலில் எல்லாருக்கும் இடுப்புத் துணி கட்டிவிட்டார்கள். இவர் தானே வாங்கி லுங்கி போலக் கட்டி, பழக்கத்தில் முழங்காலுக்கு மேலே மடித்தும் கட்டிக்கொண்டார். வாசல்காரர் இறக்கிவிட்டார். நாலு படி ஏறியதும் இவர் கை தானாக மடித்துக் கட்டியது. வாசல்காரர் பின்னாலேயே வந்து மறுபடி இறக்கினார்.

இப்போது புதுச் சிக்கல். அந்த மனிதர் பக்கத்துத் தீவிலிருந்து பிழைக்க வந்தவர். கோயிலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த ஒருவரைப் போனில் பிடித்து, கேட்டுக் கேட்டு அரபியில் சொன்னார். இவர் அதைத் தமிழில் எனக்குச் சொன்னார். உள்ளே மேடைகளில் சிலையே இல்லை, வெறும் ஆசனங்கள்தான். ஏன் என்று கேட்டேன். கேள்வி போனுக்குப் போய்த் திரும்பி வந்தது.

"சாமி இப்ப இல்ல. திருவிழாவுக்கு வரும். வந்துட்டுப் போயிரும்" என்றார் இவர்.

"யாரு சொன்னா?"

"போன்ல சொல்றாங்க."

குளத்தில் இறங்கினோம். தண்ணீர் ஐஸ். நான் முன்னால் நின்ற அம்மாவைப் பார்த்து அவர் செய்வதையே செய்தேன். அந்த அம்மா ஓரிடத்தில் இரண்டு வாய்களை விட்டுவிட்டு நகர்ந்தார், நானும் நகர்ந்தேன். எனக்குப் பின்னால் வந்த இவர், கூட்டமே இல்லாமல் இரண்டு குழாய் சும்மா கிடக்கிறதே என்று அங்கே போய்த் தலையைக் கொடுத்துவிட்டார். அனுபவித்து, கண்ணை மூடிக்கொண்டு நனைகிறார்.

கரையில் போனைக் காதில் வைத்திருந்த அந்த மனிதர் குதித்தார். "மையித்! ஹாதா மையித்!" என்று கத்தினார்.

இவர் காதில் அது மோயா என்று விழுந்தது. ரியாத்தில் தண்ணீருக்கு அதுதான் சொல். "ஐவா, மோயா. ஸேன்" என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். ஆமாம், தண்ணி, நல்லா இருக்கு.

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் பக்கத்து முஸ்லிம் தெருவில் யாராவது தவறிப்போனால் மையித்து என்றுதான் சொல்லுவார்கள். "என்னங்க, அது செத்தவங்களுக்கு உள்ள தண்ணியாம். வாங்க இங்கிட்டு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வரிசையில் நின்ற பாலிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவர் பயந்துபோய், அடுத்தடுத்த வாய்களில் எல்லாம் இரண்டு தடவை முங்கினார். கரையேறியதும் ஒரு பூசாரி தீர்த்தம் தெளித்து, நெற்றியில் ஈர அரிசியை ஒட்டி, வாயில் போட்டுக்கொள்ள நாலைந்து மணி கையில் கொடுத்தார். இவர் மென்றுவிட்டு இன்னும் கிடைக்குமா என்பதுபோல் கையை நீட்டினார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் எனக்காக வேறு ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்தோம். இளைஞர், அருமையான இங்கிலீஷ். ஒவ்வொரு கோயிலும் யார் கட்டியது, எந்தப் பக்கம் பார்த்தது, எந்தக் கல் என்று பிழையில்லாமல் சொன்னார். நான் தலையாட்டினேன். இவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். மூன்றாவது கோயிலில் இவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் கொட்டாவி வந்தது. இளைஞருக்கு நன்றி சொல்லி மத்தியானத்தோடு அனுப்பிவிட்டு, நேற்றைய மனிதருக்கு நானே போன் போட்டேன். "யல்லா, கம்" என்றேன். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டார்.

அன்றைக்குக் கோயில் பார்க்கவில்லை. அவர் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். வீட்டம்மா நீளமான வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துத் தேநீரோடு வைத்தார். அந்த அம்மாவுக்கு எங்களிடம் கேட்க ஏகப்பட்டது இருந்தது. கணவர் ரியாத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் நிஜம்தானா என்று சரிபார்க்க அவருக்கு இதுவரை ஆளே கிடைக்கவில்லையாம். அவர் கேட்பதை மனிதர் அரபியில் சொல்வார், சொல்லும்போதே இவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார்.

"ரியாத்ல சிக்னல்ல ஒட்டகம் நின்னு, பச்ச விழுந்ததும்தான் போகுமாம். நெசமான்னு கேக்காங்க" என்றார் இவர் என்னிடம்.

"என்ன சொல்லப் போறீங்க?"

இவர் அந்த அம்மாவைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினார். தானும் கண்ணால் பார்த்திருப்பதாகக் கையால் காட்டினார். மனிதர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வீட்டம்மா இன்னொரு தட்டு பொரித்துக்கொண்டு வர எழுந்து போனார்.