நானூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள்

வயர்க்காரர் தம் மனைவியின் தம்பிக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். அதுவரை ஒருவனிடமும் கைநீட்டாத மனிதர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். ஓர் ஏணியும் துளை போடும் மிஷினுமாகத் தொடங்கி, எத்தனையோ அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் கேபிள் இழுத்து, சொந்த வேனில் போகிற நிலைக்குத் தாமாகவே வந்தவர். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நிறவரிசைப்படி அடுக்குவார். அவர் போட்ட முனை ஒன்றுகூடக் கழன்றதில்லை. இதை அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை; ஆனாலும் சொல்வார்.

அவ்வளவு பெருமைக்கும் நடுவில் ஒரு முள். எந்த டெண்டர் போட்டாலும், நெட்வொர்க் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். சான்றிதழ் மைத்துனனிடம் இருந்தது. மூன்றாவது படி ஏறினாலே அவனுக்குத் தலைசுற்றும். இருந்தும் ஒரு கையெழுத்துக்கு லாபத்தில் கால் பங்கு.

"நீங்க உழைப்பு, நான் மூளை மாமா" என்பான், அக்கா பரிமாறுவதைத் தின்றுகொண்டே.

அதனால்தான் ஐம்பத்தொன்றாம் வயதில் கல்லூரி மாலை வகுப்பில் சேர்ந்தார். உயர்நிலை ரவுட்டிங், சுவிட்சிங்; நெட்வொர்க்கில் தகவலுக்குப் பாதை போடும் படிப்பு. வேலை அனுபவம் இருந்தால் போதும், சேர்த்துக்கொள்வார்கள். தேறிவிட்டால் தம் டெண்டருக்குத் தாமே கையெழுத்துப் போடலாம். வேன் தவணை கழுத்தை நெரித்த மாதம் அது. வேறு வழியில்லாமல் கட்டணத்துக்கு மைத்துனனிடமே போய் நின்றார்.

"என் பொழப்புல மண்ணு போட என்கிட்டயே காசா?" என்று சிரித்தான் அவன். "பரவால்ல, வச்சுக்கங்க. ஃபெயிலானாலும் திருப்பித் தந்துடணும்."

வகுப்பில் நரைத்த மீசை அவருடையது ஒன்றுதான். திரையில் வரும் கட்டளைகளின் ஆங்கிலம் புரியாது. கம்பி நிறங்களைப் போல வரிசையாக மனத்தில் ஏற்றிக்கொண்டார். ஒரு பாதை அறுந்தால் தகவல் எந்தப் பாதையில் சுற்றிப் போகும் என்று ஆசிரியர் கேட்டால், பிள்ளைகள் நோட்டைப் புரட்டுவதற்குள் இவர் சொல்லிவிடுவார்.

"கெட்டிக்காரர் பெரியவரே" என்று ஆய்வகத்தின் பழைய சுவிட்ச் ஒன்றை, கம்ப்யூட்டர் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டியை, ஆசிரியர் தூக்கிக் கொடுத்தார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. கை பழகட்டும்."

ஒரு நெட்வொர்க்கைத் தனித்தனி அறைகளாகத் தடுக்கலாம். கட்டணப் பிரிவுக்கு ஓர் அறை, நூலகத்துக்கு ஓர் அறை. ஒரே குழுப் பெயரில் இருக்கும் சுவிட்சுகள் இந்த அறைப் பட்டியலைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பட்டியலின் எண் ஒன்று கூடும். எது பெரிய எண்ணோ அதுதான் புதியது என்று மற்றவை நம்பிவிடும். வயர்க்காரர் தினமும் விடிந்ததும் உட்கார்ந்து அறை கட்டுவார், அழிப்பார், மறுபடி கட்டுவார். அவரைப் போலவே பெட்டி வாங்கிப்போன பிள்ளைகள் பலர் அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை.

தேர்வுக்கு முந்தின வாரம் சுவிட்சைத் திருப்பிக் கொண்டுவந்தார். போனில் பேசிக்கொண்டிருந்த ஆசிரியர், "அந்த மூலையில மாட்டிடுங்க" என்று தாடையால் காட்டினார். அங்கிருந்த காலேஜ் கேபிளைச் செருகி மாட்டினார்.

தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. கட்டண வரிசை நின்றது. நூலகம் நின்றது. அலுவலகத்தில் கூச்சல்.

காரணத்தைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். "சார், எண்ணப் பாருங்க. காலேஜ் பட்டியல் அறுபத்திமூணு. என் பெட்டி நானூத்திப் பன்னெண்டு. கடைசியா எல்லா அறையையும் அழிச்சு வச்சிருந்தேன். அந்தக் காலிப் பட்டியல மொத்தக் காலேஜும் நம்பிடுச்சு. பயிற்சித்தாள்ல நீங்க போட்ட குழுப் பெயரும் காலேஜ் குழுப் பெயரும் ஒண்ணு. கடவுச்சொல்லும் இல்ல."

ஆசிரியரின் முகம் வெளுத்தது. "மெதுவாப் பேசுங்க" என்று கதவைச் சாத்தினார். "அனுமதி இல்லாம மாட்டிட்டேன்னு நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. பரீட்சை எழுத வைக்கிறது என் பொறுப்பு. நான் புள்ளகுட்டிக்காரன்."

"எனக்கு லெட்டர்லாம் எழுத வராது சார்."

"நான் எழுதிக்கறேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

"கையெழுத்துக்குத்தான் சார் இந்தப் படிப்புக்கே வந்தேன். முதக் கையெழுத்தே பொய்க்குப் போடணுமா?"

நேரே முதல்வர் அறைக்குப் போனார். அரைமணி நேரம் விளக்கினார். படம்கூடப் போட்டுக் காட்டினார். முதல்வர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது."

முதல்வர் கோப்பை மூடினார். மறுநாள் வகுப்புப் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். கட்டிய பணம் கட்டியதுதான்.

சேதி அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. "காலேஜையே படுக்க வச்சுட்டீங்களாமே மாமா! மூணு வருஷம் படிச்சும் என்னால முடியல."

"வாய மூடுடா" என்றாள் அக்கா.

"மூணு வருஷம் படிச்சும் எது ஓடுது, எது நின்னுச்சுன்னே உனக்குத் தெரியாது மாப்ளே" என்றார் வயர்க்காரர்.

அடுத்த டெண்டருக்கும் அவன்தான் கையெழுத்துப் போட்டான். அதே கால் பங்கு. கடனை அடைப்பதற்காக இரண்டு ஆட்களை நிறுத்திவிட்டு, நான்கு மாதம் தாமே அலுவலகங்களின் ஃபால்ஸ் சீலிங் இடுக்குகளில் ஊர்ந்து கேபிள் இழுத்தார். முழங்கால் வீங்கியது. யாரிடமும் காட்டவில்லை.

கடைசி வேலைக்குப் பணம் வந்த அன்றே மைத்துனன் வீட்டுக்குப் போனார். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை.

"கைய நீட்டு."

"அட, மேசை மேல வைங்க மாமா. நமக்குள்ள என்ன எண்ணிக்கிட்டு."

"நீட்டு."

நீட்டினான். வயர்க்காரர் ஐந்நூறு ஐந்நூறாக அந்த உள்ளங்கையில் வைத்தார். நமக்குள் எண்ணுவானேன் என்றவனின் உதடு ஒவ்வொரு நோட்டுக்கும் அசைந்தது. அதைப் பார்த்தபடியே எண்பதாவது நோட்டையும் வைத்தார்.