மாட்டுங்கா கிளையில் அக்காவின் கணக்கு

சிவப்பு அட்டை போட்ட பாஸ்போர்ட்டை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு வங்கியின் கவுண்டரில். என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. உறவுக்காரர்கள் வளைகுடாவுக்குப் போகும்போது பார்த்ததெல்லாம் கருநீலம். மலேசியா அக்கா கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதன் ஜிப்பை மெதுவாக இழுத்து, கவுண்டர் மேலிருந்த ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அந்தச் சிவப்புப் புத்தகத்தை வைத்தார். அதுவரை கிளார்க் அவரைப் பாஸ்புக்கில் என்ட்ரி போட வந்த இன்னொரு மதராசி அம்மா என்றுதான் நினைத்திருக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு அதை ஒற்றை விரலால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். அந்த ஒற்றை விரலை இப்போது நினைத்தாலும் எனக்குக் களைப்பாக இருக்கிறது.

அக்கா ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தாராவியிலிருந்து ஓட்டல் வேலைக்கு அங்கே போன ஒருவரை, இருவருக்கும் வயது கொஞ்சம் ஏறிய பிறகு கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளைகள் இல்லை. உடம்பில் தெம்பு குறைந்ததும் கணவருக்குச் சொந்த ஊரில் போய் இருக்க வேண்டும் என்று ஆசை வந்தது. எங்களைப் போலவே பூர்வீகம் திருநெல்வேலி என்றாலும், அவருக்குச் சொந்த ஊர் பம்பாய்தான். ஈப்போவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு வந்து, செம்பூரில் எங்கள் கட்டடத்தில், எங்கள் சுவருக்கு அடுத்த அறையை வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு வருடம் நன்றாக இருந்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அக்காவின் பென்ஷன் அதுவரை கணவர் கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கு முடங்கியதும் அக்காவுக்குத் தன் பெயரில் ஒரு கணக்கு தேவைப்பட்டது. அது இருந்தால் செம்பூர் அறையில் அவர் பாட்டுக்கு இருக்கலாம். இல்லையென்றால் தாராவிக்கு, கணவருடைய தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டில் ஒன்று. அதை அக்கா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தம்பி தாராவியில் அரிசிக் கடை வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. காரியம் முடிந்த பதினாறாம் நாள் எங்கள் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, "மைனி, நம்ம வீட்டுக்குள்ள என்னத்துக்குத் தனிக் கணக்கு? எங் கணக்குல வரட்டும். உங்களுக்கு எப்ப வேணுமோ கேளுங்க, நான் தாரேன்" என்றார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். அக்கா தலையை ஆட்டினார். அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நான் சம்பாதிச்ச காச நான் போயி கேக்கணுமாம் லா, தங்கச்சி."

நான் சேலைகளுக்கு ஃபால் வைத்துத் தைத்துக் கொடுப்பவள். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சே வராது. அக்காவோடு வங்கி வங்கியாகப் போக என்னைவிடத் தகுதியானவர்கள் அந்தக் கட்டடத்திலேயே இருந்தார்கள். ஆனால் பகலில் வீட்டில் இருந்தவள் நான்தான். அக்காவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், இந்தி ஒரு சொல் தெரியாது. எனக்கு பம்பாய் இந்தி வரும், ஆங்கிலம் தெரியாது. வாட்ச்மேனிடமும் கிளார்க்கிடமும் நான் பேசுவேன், கண்ணாடி அறைக்குள் இருப்பவரிடம் அக்கா பேசுவார். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு வாடிக்கையாளர் என்று அக்கா சிரிப்பார்.

பாஸ்போர்ட்டை விரலால் தள்ளியது எனக்குக் கணக்கு இருக்கிற சின்னக் கூட்டுறவு வங்கி. அவர்கள் அதுவரை வெளிநாட்டுக்காரருக்குக் கணக்கு திறந்ததே இல்லையாம். அடுத்துப் போனது செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தனியார் வங்கி. உள்ளே குளிர்ந்தது. டை கட்டிய பையன் ஒருவன் எங்களை உட்கார வைத்து, என்னென்ன காகிதம் வேண்டும் என்று அச்சடித்த தாளைக் கொடுத்தான். பாஸ்போர்ட், விசா, இங்கே தங்க அனுமதித்த காகிதம், வாடகை அக்ரிமெண்ட். கணக்கில் எப்போதும் ஒரு பெரிய தொகை இருக்க வேண்டும் என்றான். விசா நீட்டிக்கும்போதெல்லாம் புது நகலைக் கவுண்டரில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னான். அவன் முகத்தில் பிரியமும் இல்லை, வெறுப்பும் இல்லை. வெளியே வந்ததும் அக்காவுக்கு முகம் தெளிந்திருந்தது. "எங்க ஊரு பேங்கு மாரியே இருக்கு. நம்பர் எடுக்கணும், உக்காரணும், கூப்பிட்டா போகணும். யாரையும் தெரிஞ்சி வெச்சிக்கத் தேவ இல்ல லா" என்றார்.

அவருக்குப் பிடித்த அந்தக் காரணம்தான் கட்டடத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. யாரையும் தெரியாத இடத்தில் யாராவது பணத்தைப் போடுவார்களா? பம்பாயில் எங்கள் ஆட்கள் டாக்டரைப் பார்ப்பதும், பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதும், ரேஷன் கார்டு எடுப்பதும் எல்லாமே ஆள் பார்த்துத்தான். என் கணவர் சொன்னார், எதிர்வீட்டம்மா சொன்னார், கீழே பால் பூத் வைத்திருப்பவர்கூடச் சொன்னார்: மாட்டுங்காவில் ஓர் அரசு வங்கிக் கிளையில் நம் ஊர்க்காரர் ஒருவர் ஆபீசராக இருக்கிறார், தூத்துக்குடிப் பக்கம், போனால் எழுந்து நின்று வரவேற்பார். அந்த வங்கிக்கு எங்கள் தெரு முனையிலேயே ஒரு கிளை உண்டு. அங்கே போகலாமே என்று அக்கா கேட்டபோது எதிர்வீட்டம்மா, "அங்க யாரு இருக்கா உங்களுக்கு?" என்றார். அதற்குள் பல நாள் அலைந்து அவர் கால் வீங்கியிருந்தது. சரி, உங்க ஆளுகிட்டயே போவோம் என்று சொல்லிவிட்டார்.

சயான் வழியாகப் பஸ்ஸில் மாட்டுங்காவுக்குப் போனோம். ஆபீசர் உண்மையிலேயே எழுந்து நின்றார். நெற்றி வழுக்கை, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவர் அறையிலேயே உட்கார வைத்து டீ வரவழைத்தார். அக்காவின் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "கவலப்படாதீங்கம்மா, நான் இருக்கேம்லா. எல்லாம் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்த லாவைக் கேட்டதும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஈப்போவிலும் பேச்சுக்குப் பேச்சு லா, எங்கள் பக்கத்திலும் லா. கடல் தாண்டி வந்தவருக்கு அந்த ஓர் எழுத்து என்ன செய்ததோ, வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து நன்றாகத் தூங்கினார். கணக்கு சில நாளில் திறந்துவிட்டது. பென்ஷன் ஒழுங்காக வந்தது. வாடகையை அவரே கொடுத்தார். கோயிலுக்குப் போனார், மார்க்கெட்டில் மீன்காரியிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேரம் பேசினார். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கு அவர் அறையிலிருந்து வரும் பொரித்த நெத்திலி வாசம்தான் முதலில் வருகிறது.

விசா நீட்டித்து வந்த சமயத்தில் எங்கள் கட்டடத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் ஒரு கல்யாணம். செம்பூரிலேயே மண்டபம். ஆபீசர் அவர்களுக்கு உறவு, அதனால் வந்திருந்தார். புது விசாவின் நகலை மறுநாள் மாட்டுங்காவில் கொண்டுபோய்க் கொடுக்க அக்கா தயாராக வைத்திருந்தார். அதைச் சொன்னதும், "இதுக்குப்போய் வெயில்ல அலைவீங்களா? குடுங்க இங்கன, நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அவர். என்னை அனுப்பி வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னார்கள். பிரியாணிப் பந்தியில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் அதை வாங்கி நாலாக மடித்து, மொய்க் கவரோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்தார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. வங்கியில் வரிசையில் நின்று கொடுக்கும் காகிதத்தைப் பந்தியில் கொடுக்கிற அளவுக்கு நமக்கு ஆள் இருக்கிறது என்ற பெருமை. ரசீது கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எப்படிக் கேட்பது? சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதரிடம்.

கொஞ்ச நாளில் அவருக்கு மாற்றல் வந்து எங்கேயோ வடகிழக்குப் பக்கம் போய்விட்டார். அரசு வங்கியில் ஆபீசர்களை ஒரே கிளையில் வெகுநாள் வைத்திருப்பதில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த மாதம் அக்கா பணம் எடுக்கப் போனால் கார்டு வேலை செய்யவில்லை. அவர் விசா முடிந்துவிட்டதாக வங்கிக் கம்ப்யூட்டரில் இருந்தது. புதிதாக வந்திருந்த அம்மா சின்ன வயது, இந்திக்காரர், குரலை உயர்த்தாமல் பேசினார். நகல் கொடுத்தோமே என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார், நான் இந்தியில் சொன்னேன். எந்தத் தேதியில், எந்தக் கவுண்டரில், முத்திரை எங்கே என்று கேட்டார். கல்யாணத்தில் கொடுத்தோம் என்பதை இரண்டு மொழியிலும் எங்களால் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஆபீசருக்குப் போன் செய்தோம். அவர் மறக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "குடுத்தீங்களே, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மாத்தல் ஆர்டர் வந்த அவசரத்துல... அந்தச் சட்டைய வீட்ல சலவைக்குப் போட்டுட்டாங்களோ என்னவோ" என்று அவர் மெதுவாகச் சொன்னார். பழைய கிளையில் யாரிடமாவது சொல்கிறேன் என்றார். சொல்லியும் இருப்பார். ஆனால் அங்கே இப்போது அவரே யாரோ ஒருவர்.

காகிதம் எல்லாவற்றையும் மறுபடி கொடுத்தோம், இந்த முறை கவுண்டரில், முத்திரையோடு. அது மேலிடத்துக்குப் போய்விட்டுத் திரும்ப வர வேண்டும் என்றார்கள். வாரம் தவறாமல் மாட்டுங்காவுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். பணம் உள்ளே இருந்தது, வந்துகொண்டும் இருந்தது, தொட முடியவில்லை. அந்தச் சமயத்தில் அறையின் பதினொரு மாத அக்ரிமெண்ட் முடிந்தது. வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டிக் கேட்டார், புது அட்வான்ஸும் கேட்டார். நான் கொஞ்சம் தருகிறேன் என்றேன். அக்கா என் தையல் மெஷினைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். கடைசியில் புரோக்கர் வேறு ஆளைக் கூட்டிவந்து அறையைக் காட்டினான். அக்கா உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே காட்டினான்.

கொழுந்தனார் கடை டெம்போவை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். சாமான்களைத் தோளில் தூக்கி மாடியிலிருந்து இறக்கினார். சட்டையெல்லாம் வேர்வை. "அஞ்சு பேருக்கு ஆக்குத வீட்டுல ஆறாவது தட்டு ஒரு விஷயமா மைனி? இத்தன நாளு வேத்து ஆளு மாதிரி இருந்துட்டீங்க" என்றார். அவர் மனதாரச் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கா டெம்போவில் முன்சீட்டில் ஏறி, மடியில் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தாராவிக்குப் போயிருந்தேன். அரிசிக் கடைக்கு மேலே வீடு. அக்கா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிடந்த போனில் வங்கியிலிருந்து செய்தி வந்தது. கணக்கு திறந்துவிட்டது, மொத்தப் பணமும் இருக்கிறது. அக்கா அதை என்னிடம் படித்துக் காட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்படியைப் பார்த்து, "இது போதுமா, இன்னும் துருவணுமா?" என்று கேட்டார்.

வீட்டுச் செலவுக்குத் தன் பங்கு என்று அடுத்த நாளே பணம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கொழுந்தனார் கோபித்துக்கொண்டு, இங்க என்ன லாட்ஜா நடத்துதோம் என்று கேட்டு, ஒரு வேளை சாப்பிடாமல் கடையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அப்புறம் அக்கா கொடுக்கவில்லை.

இப்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அந்த இந்திக்கார அம்மா இன்னும் மாட்டுங்காவில்தான் இருக்கிறார். விசா நீட்டிக்கும்போது அக்கா நம்பர் எடுத்து, உட்கார்ந்து, கூப்பிட்டால் போகிறார், முத்திரை வாங்கிக்கொண்டு வருகிறார். கார்டு இருக்கிறது, மாதம் தவறாமல் பென்ஷன் வருகிறது. வங்கியைப் பற்றி இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

போன மாதம் எங்கள் சுவருக்கு அடுத்த அறை காலியானது. வீட்டுக்காரர் என்னிடம், உங்க மலேசியாக்காரம்மா வருவாங்களா, கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நான் அன்றே தாராவிக்குப் போனேன். அக்கா எல்லாம் கேட்டார். தண்ணீர் இப்போது எத்தனை மணிக்கு வருகிறது, சமையல் பக்கத்து ஒழுகலைச் சரி செய்தார்களா, பெயிண்ட் அடித்தார்களா, என்ன நிறம். கொழுந்தனாரின் மனைவி டீயோடு வந்ததும் பேச்சை மாற்றி, என் தையல் எப்படிப் போகிறது என்று கேட்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். அங்கே நின்றுகொண்டு சொன்னார்: "காசு இல்லாதப்ப வந்தவ, காசு வந்தோன்ன போயிட்டான்னு ஆயிடும் லா. அவங்க சொல்ல மாட்டாங்க. எனக்கே அப்படித்தான இருக்கும்." பஸ் வந்துவிட்டது.

மறுநாள் வீட்டுக்காரர் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார். புரோக்கர் ஆள் வைத்திருக்கிறான், வருகிறார்களா இல்லையா, ஒன்று சொல்லுங்கள் என்றார். எனக்குச் சட்டென்று பொய் வராது.

"இன்னும் யோசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, சேலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன்.