எழுதினவர்தான் அழிக்க வேண்டுமாம்!

எண்பதுகளின் நடுப்பகுதி. செஞ்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டி எங்கள் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு சின்ன பேக்கரி வைத்திருந்தார். விறகு அடுப்பில் வேகிற பன், பொறை, வர்க்கி, அவ்வளவுதான் எங்கள் சரக்கு. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, கடையின் பின்கட்டில் அம்மாவோடு பன் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

எதிர் டீக்கடையில், வேலை தேடிக்கொண்டிருந்த பையன்கள் சிலர் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார்கள். ரேஷனில் மண்ணெண்ணெய் வந்திருக்கிறது, நாளைக்கு கரண்ட் இருக்காது, யாருக்கோ ரத்தம் தேவை, யாருடையதோ ஆட்டைக் காணோம் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். நல்ல காரியம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அதைப் பார்த்து வல்லத்தில் ஒரு பலகை, பனமலையில் ஒரு பலகை, அப்புறம் பஸ் போகிற ஊரெல்லாம் பலகை முளைத்தது. ஓர் ஊரில் எழுதியதைத் துண்டுச் சீட்டில் குறித்துக் கண்டக்டரிடம் கொடுப்பார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் வாங்கித் தங்கள் பலகையில் எழுதிக்கொள்வார்கள். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது. அவரவர் பலகை அவரவர் ஊருக்கு. அதில் அவர்களுக்குப் பெரிய பெருமை.

ஒருமுறை ரேஷன் கடையில் சர்க்கரையைப் பதுக்குகிறார்கள் என்று யாரோ எழுத, கடைக்காரரின் ஆள் வந்து துடைத்துவிட்டுப் போய்விட்டான். பையன்கள் கொதித்துப்போனார்கள். எல்லா ஊர்க்காரர்களும் கூடி ஒரு சட்டம் போட்டார்கள்: பலகையில் எழுதினவர்தான் அழிக்க வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. எங்கள் அத்தாகூட அதை மெச்சிப் பேசினார். அந்தச் சட்டமே எங்கள் தலையில் விடியும் என்று யார் கண்டது?

ஒரு நாள் காலையில் கடைப்பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை. வழக்கமாக பஸ் ஏறுவதற்கு முன்னால் பன் வாங்குகிறவர்கள் எங்கள் கடையைப் பார்த்ததும் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அத்தா எதிரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பலகையில் இப்படி எழுதியிருந்ததாம்: ‘பஸ் ஸ்டாண்டு பேக்கரி பன்னில் பல்லி. தின்ற குழந்தை ஆஸ்பத்திரியில். யாரும் வாங்காதீர்கள்.’ கீழே பெயர் கிடையாது.

நான் முதலில் ஓடியது அரசு ஆஸ்பத்திரிக்கு. அங்கிருந்த நர்ஸம்மா, அப்படி எந்தக் குழந்தையும் வரவில்லை என்று அடித்துச் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனேன். பையன்களில் கண்ணாடி போட்ட ஓர் அண்ணன்தான் எதற்கும் முன்னால் நிற்பவர்.

“அது பொய்ண்ணா. ஆஸ்பத்திரில கேட்டுட்டு வர்றேன். அழிச்சிடுங்க” என்றேன்.

“அதெப்டிம்மா? எழுதுனவங்கதான் அழிக்கணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“எழுதுனது யாரு?”

“அது எங்களுக்கு எப்டித் தெரியும்? வல்லத்துலேர்ந்து சீட்டு வந்துச்சு, எழுதுனோம். உன் நியாயத்த நீயும் பக்கத்துல எழுதிக்கோயேன். யாரு வேணாம்னா?”

எழுதினேன். ‘இது பொய். ஆஸ்பத்திரியில் விசாரித்தாகிவிட்டது’ என்று பெரிதாக எழுதினேன். என்ன ஆயிற்று தெரியுமா? அதுவரை படிக்காதவர்களும் நின்று படித்தார்கள். “பேக்கரிக்காரர் பொண்ணு வேற இன்னா எழுதும்?” என்று என் காது படவே ஒருவர் சிரித்தார். எங்கள் பன்னை வருஷக்கணக்காகத் தின்ற மனுஷன் அவர்!

அந்த வாரம் முழுக்க பன் மாட்டுக்குத்தான் போயிற்று. அத்தா மாவு பிசைவதைக் குறைத்தார், அப்புறம் பொறை போடுவதை நிறுத்தினார். ஒரு மத்தியானம் அம்மாவிடம், “அடுப்ப அணைச்சிடலாம். ஆற்காட்டுல மச்சான் கடையில ஆள் வேணும்னாரு, நான் போறேன்” என்றார். சொந்த அடுப்பு வைக்க அந்த மனுஷன் எத்தனை கடையில் அடிபட்டார் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அவர் அழவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன். கடைத்தெருவில் சண்டைக்கு நிற்காதே என்று அம்மா பின்னாலேயே ஓடி வந்தார். டீக்கடையில் கூட்டம் இருந்தது. நான் சாக்பீஸை எடுத்து, எங்களைப் பற்றி எழுதியிருந்ததற்குக் கீழேயே எழுதினேன்: ‘இந்த டீக்கடைப் பாலில் எலி செத்துக் கிடந்தது. யாரும் குடிக்காதீர்கள்.’

பாய்லர் பக்கம் நின்ற டீக்கடைக்காரர் எகிறிக் குதித்து வந்தார். “ஏய், இன்னா பொண்ணு இது? யாரு பாலுல எலி?” குடித்துக்கொண்டிருந்தவர்களில் ரெண்டு பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை உருவிப் பலகையைத் துடைக்கப் போனார். நான் குறுக்கே நின்றேன்.

“எழுதுனவங்கதான் அழிக்கணும், இல்லண்ணா? நான்தான் எழுதுனேன். மேல இருக்குறது எப்ப போவுதோ, அப்ப இது போவும்.”

கண்ணாடி அண்ணன், “பொய்ய எழுதிட்டு வாயப் பாரு” என்று பாய்ந்தார்.

“இது பொய்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடுச்சே! எங்களுது மட்டும் ஏன் ஒரு வாரமா தெரியல?” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுப்பதை விட்டுவிட்டார்.

டீக்கடைக்காரர் யாரையும் கேட்கவில்லை. மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும் சேர்த்து ஒரே இழுப்பில் துடைத்தார். தன் பாலுக்கு வந்ததும் சட்டம் எங்கே போயிற்று பார்த்தீர்களா? நான் எழுதியது பொய்தான். அதற்கு எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

ஆனால் அதோடு முடியவில்லையே! மற்ற ஊர்ப் பலகைகளிலும் அழிக்கச் சொல்லுங்கள் என்றால், “அது அவங்க பலகை, நாங்க சொல்ல முடியாது” என்று கையை விரித்தார்கள். பொய் ஒரே பஸ்ஸில் எல்லா ஊருக்கும் போய்விட்டது. அதை அழிக்க நாங்கள்தான் ஊர் ஊராகப் போக வேண்டுமாம். போனோம். ஒரு பை நிறைய அன்று சுட்ட பன்னும், ஓர் ஈரத்துணியும் எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். வல்லத்தில் கேட்டால், “செஞ்சிலேர்ந்துதான் சீட்டு வந்துச்சு” என்று சத்தியம் பண்ணினார்கள். செஞ்சிக்காரர்கள் வல்லம் என்கிறார்கள், வல்லத்துக்காரர்கள் செஞ்சி என்கிறார்கள். இதைவிட அநியாயம் உண்டா? அம்மா அவர்களோடு வாதாடவே இல்லை. நேரே போய் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துவிட்டு, “யாரு அழிச்சான்னு கேட்டா, பேக்கரிக்காரர் பொஞ்சாதின்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்தார். கடைத்தெருவில் சண்டை வேண்டாம் என்று சொன்ன அதே அம்மாதான்!

கடைசியாக பனமலை. அங்கே பலகை ஒரு சைக்கிள் கடையில் மாட்டியிருந்தது. எங்களைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. அம்மாவுக்கு நம்பிக்கை வராமல் பலகையின் பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தார். சைக்கிள் கடைக்காரர் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டபடியே சொன்னார்: “சீட்டு வந்துச்சும்மா. யாரு வூட்டுக் கொழந்தன்னு கண்டக்டரக் கேட்டேன், தெரியலன்னாரு. தெரியாதத எப்டி எழுதறது? நான் எழுதல.”

அவ்வளவு நாள் அழாத நான் அங்கே நின்று ஓவென்று அழுதேன். அம்மா பையைப் பிரித்து அவருக்கு ஒரு பன் கொடுத்தார். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க அதை முழுசாகத் தின்றார்.

அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஊர்ப் பையன் ஒருவன் என்ன சொன்னான் தெரியுமா? “சீட்ட நிறுத்தறதுக்கு நீ யாருன்னு ஒரு வாரமா இவர்கூட எங்களுக்குச் சண்ட, அக்கா. நல்லவேளை, அது பொய்னு நீங்க வந்து சொன்னீங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்த ஒரு வாரமும் யாரும் அந்த மனிதருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை, காற்றடிக்கக்கூட வேறு கடைக்குப் போனார்கள் என்று அப்புறம் தெரிந்தது.

எங்கள் அடுப்பு அணையவில்லை. வியாபாரம் மெதுவாகத் திரும்பி வந்தது. அதை எழுதியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஒரு ஊர்க்காரரும் வந்து தப்பு என்று சொல்லவுமில்லை. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு பலகை இருக்கிறது; வந்ததை வந்தபடி அடுத்தவருக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகிறார்கள். அதையெல்லாம் பார்க்கும்போது எனக்குப் பெரிய கோபம் பொய் எழுதினவர்மேல்கூட இல்லை. ஊர் ஊராகப் பொய்யைப் பரப்பின அத்தனை பேரையும் விட்டுவிட்டு, பரப்ப மாட்டேன் என்று சொன்ன ஒரே ஒரு மனிதரைப் பார்த்துத்தானே ‘நீ யார்’ என்று கேட்டார்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை.