பெரட்டுக்களம் இல்லாத ஊர்

சரியான ஒரு சொல் தவறான நிலத்தில் போய் விழுந்தால், பிழை யாருடையது? சொன்னவருடையதா, கேட்டவருடையதா, நிலத்தினுடையதா? ஆண்டாயியின் வாழ்க்கை இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது. அவள் இதை இப்படிக் கேட்டதில்லை. "அவரு எங்க போயி நின்னாரு?" என்று மட்டும் கேட்பாள்.

இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறுமியாக வந்தவள். குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். மலைச்சரிவை வெட்டிய மண்சுவருக்குக் கீழே அவர்களுடைய லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடுகள். மழைக்காலத்தில் அந்தச் சுவர் இளகும். மண் அசைந்தால் எல்லாரும் ஓடவேண்டிய இடம் பெரட்டுக்களம். காலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கும் வெட்டவெளிக்கு இலங்கையிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பெயர் அது. இலங்கையில் ஒருமுறை லயமே மண்ணில் புதைந்தபோது, களத்தில் நின்றவர்கள்தான் பிழைத்தார்கள். ஒரு விதியும் உண்டு. மண் இரண்டாம் முறையும் சரியலாம். ஆகவே யாராவது கூப்பிடும்வரை களத்தை விட்டுத் திரும்பக் கூடாது.

தேயிலை விலை சரிந்த வருடங்களில் அவள் கணவன் செல்லக்கண்ணு வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரி மூடப்பட்டது. கொஞ்ச நாள் விறகு வெட்டினான். பிறகு வேளாங்கண்ணியில் டீக்கடை வைத்திருந்த நண்பன் எட்மண்டிடம் போய்ச் சேர்ந்தான். ஞாயிறு காலைகளில் எஸ்டேட் முக்கில் இருந்த கடைக்கு போன் செய்வான். ஆண்டாயி அங்கே காத்திருப்பாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அப்படி ஒரு ஞாயிறு.

"கட்டிலு ஆடுச்சு புள்ள. ஏன்டா ஒதைக்கிறேன்னு எட்மண்டு என்னைய வையிறான்."

"வெளையாடாதீங்க. மண்ணு ஆடுச்சா?"

"மண்ணு எங்க இருக்கு இங்க? எல்லாம் மணலு. டம்ளரெல்லாம் கிலுகிலுன்னுச்சு, அவ்வளவுதான்."

"கட்டடத்துக்குள்ள நிக்காதீங்க. பெரட்டுக்களத்துக்குப் போயிருங்க."

அவன் சிரித்தான். "இங்க ஏது புள்ள பெரட்டுக்களம்?" பிறகு, "சரி, சரி. போறேன்" என்றான்.

மதியம் அதே கடையின் டிவியில் அவள் கடலைப் பார்த்தாள். செல்லக்கண்ணுவின் உடல் கிடைத்தது. ஆனால் தண்ணீர் எல்லாரையும் புரட்டி இடம் மாற்றிப் போட்டிருந்தது. அவன் கிடந்த இடம் அவன் நின்ற இடத்தைச் சொல்லவில்லை. எட்மண்ட் பிழைத்தான் என்றார்கள். எங்கே போனான் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் பெரட்டுக்களம் என்ற சொல்லைச் சொல்வதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது "அங்க போறேன்" என்பாள்.

அவலாஞ்சி அணையில் வேலை பார்த்த ஜெகதீசன் லயத்தில் இருந்த தன் தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவனைப் பிடித்துக்கொள்வாள்.

"தம்பி, மண்ணு ஆடுனது விடியக்காலையில. தண்ணி வந்தது ஒம்பது மணி வாக்குல. நடுவுல அந்தத் தண்ணி எங்க இருந்துச்சு?"

"வந்துட்டே இருந்துச்சுங்க்கா" என்றான் அவன்.

அவன் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்தால் இவ்வளவுதான். சுமத்ராவை ஒட்டிய கடலடியில் பூமியின் ஒரு பாறைத்தட்டு இன்னொன்றுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது, வருடத்துக்குச் சில விரற்கடை. இரண்டும் உரசும் இடம் சிக்கிக்கொள்கிறது. கீழே போகும் தட்டு மேல்தட்டின் விளிம்பையும் சேர்த்து இழுக்க, அது மூங்கில்போல வளைகிறது. நூற்றாண்டுகளாக வளைகிறது. ஒரு காலையில் சிக்கல் விடுகிறது. விளிம்பு நிமிர்கிறது. அதன் மேல் நின்ற கடலை அடியிலிருந்து நுனிவரை தூக்கிவிடுகிறது. காற்று எழுப்பும் அலையில் மேல்தண்ணீர்தான் அசையும். இதில் மொத்தக் கடலும் அசைகிறது. ஆழத்தில் அது விமான வேகத்தில் ஓடும். ஆனால் உயரம் முழங்கால் அளவு இருந்தாலே அதிகம். மேலே போகும் கப்பலுக்குக்கூடத் தெரியாது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போது முன்தண்ணீர் தயங்குகிறது, பின்தண்ணீர் வந்து ஏறுகிறது. அப்போதுதான் அது சுவராகிறது.

"ஏரோப்ளேன் வேகத்துல வந்தும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சுங்க. அத்தனை தூரம்."

"அப்ப நேரம் இருந்துச்சு" என்றாள் ஆண்டாயி.

ஜெகதீசன் ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நினைத்தான். அறிவு ஆறுதல் தரும் என்று நம்புகிறவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நிலம் ஆடிய கணத்திலேயே கடல் வந்திருந்தால் அவள் சொன்ன சொல்லுக்கு எந்த வேலையும் இருந்திருக்காது. அந்த இரண்டு மணி நேரம்தான் அவளுடைய சொல்லுக்கு இடம் கொடுத்தது. வேளாங்கண்ணியில் வெட்டவெளி என்றால் கடற்கரை மணல்தான்.

பக்கத்து வீட்டு பிலோமிக்குப் பொறுமை குறைவு. "ஏண்டி, ஒன் புருசன் என்ன கொக்கா? அவ்வளவு நேரம் மணல்ல ஒத்தக்கால்ல நிக்கிறதுக்கு? டீ ஆத்தப் போயிருப்பாரு."

"யாரும் கூப்புடலையே அக்கா" என்றாள் ஆண்டாயி. "கூப்புடாம எப்புடித் திரும்புவாரு?"

பிலோமியும் அதே விதியில் வளர்ந்தவள்.

மழை நாட்களில் மண்சுவரிலிருந்து ஒரு கட்டி உருண்டு லயமே களத்துக்கு ஓடும். ஆண்டாயியும் ஓடுவாள். திரும்பலாம் என்று கங்காணி குரல் கொடுத்ததும் எல்லாரும் கலைவார்கள். அவள் மட்டும் கீழே, சமவெளிக்கு இறங்கும் பர்லியார்ப் பக்கம் மூடிக் கிடக்கும் மேகத்தைப் பார்த்து நிற்பாள். அங்கிருந்து யாரோ இன்னும் வரவேண்டியிருப்பதுபோல. "கூப்ட்டாச்சுடி, வா" என்று பிலோமி கையைப் பிடித்து இழுத்து வருவாள்.

அவளைத் தியாகி என்றோ ஞானி என்றோ எழுத எனக்கு மனம் வரவில்லை. அவளால் ஒரு கேள்வியைக் கீழே வைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் வருடம் எட்மண்ட் வந்தான். கேரளத்தில் படகுத்துறை ஒன்றில் வேலை செய்வதாகச் சொன்னான். எஸ்டேட் பெயர் தெரியாமல் குன்னூரில் விசாரித்து விசாரித்து ஏறி வந்திருந்தான். கடல் வந்த அன்று காலை முழுவதும் செல்லக்கண்ணுவோடு இருந்தவன். லயத்தில் எல்லாரும் வேலையை விட்டு வாசலில் கூடிவிட்டார்கள். பிலோமி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

ஆண்டாயி அவனுக்குத் தேநீர் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, அன்னிக்கு உங்ககிட்ட போன்ல பேசி முடிச்சதும் அவன்…"

அவள் கையை உயர்த்தினாள். "காலையில சாப்புட்டாரா?"

எட்மண்ட் விழித்தான். "சாப்புட்டான். இடியாப்பம். நாந்தான் வாங்கிட்டு வந்தேன்."

"தேங்காப்பாலா?"

"சொதி."

"நல்லதுங்க" என்றாள் ஆண்டாயி. அவன் மறுபடி வாயெடுத்தபோது, "போதும். பசியோட போகல" என்றாள்.

"கேளுடி" என்று பிலோமி அவள் தோளை உலுக்கினாள். ஆண்டாயி எழுந்து எட்மண்டின் பையை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள். பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றாள். அவன் ஏறியதும் பையை ஜன்னல் வழியே கொடுத்தாள்.

அதன் பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பிலோமி பல வருடம் கேட்டுப் பார்த்தாள். ஆண்டாயி சொல்லவில்லை.