ரிவெர்ப் போடாத பாட்டு

பேய், பிசாசு எல்லாம் என்னிடம் எடுபடாது. குறும்படம் எடுக்கிற பையன்களுக்குப் பேய்ச் சிரிப்பு தயாரித்துக் கொடுப்பவனே நான்தான். யாராவது சிரிப்பதைப் பதிவு செய்து அதில் ரிவெர்ப் என்கிற எஃபெக்டைப் போட்டால் பெரிய மண்டபத்தில் எதிரொலிப்பது போல் குரலுக்கு ஒரு வால் முளைக்கும், அவ்வளவுதான் பேய். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

என் ஸ்டுடியோ பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் குடோனுக்கு மேலே இருக்கிறது. பாடும் அறையின் சுவர் முழுக்கக் கட்டிங் வேஸ்ட் துணியை மூட்டை மூட்டையாக அடைத்து வைத்திருக்கிறேன், ஃபோம் வாங்க நான் என்ன ஏமாளியா, உள்ளே கை தட்டினால் சத்தம் அங்கேயே செத்துவிடும். பக்கத்தில் மெஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமைதான் ரெக்கார்டிங்.

அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் எஸ்தர் அக்கா வந்தார். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், இங்கே ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. மறுநாள் இங்கேயே ஒரு சர்ச்சில் மகளுக்குக் கல்யாணம். ஊர் சர்ச்சில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் அவரும் கணவரும் சேர்ந்துதான், ஒரு சரணம் இவர், அடுத்த சரணம் அவர் என்று பாடுவார்களாம்; கணவர் இறந்து மூன்று வருடம், அதன் பிறகு அவர் பாடவே இல்லை. நேரில் நின்று பாடினால் அழுதுவிடுவேன், பதிவு செய்து கொடுங்கள், மகள் நடந்து வரும்போது போட்டுக்கொள்கிறோம் என்றார்.

ஆறு தடவை பாடினார். ஆறு தடவையும் இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்தது.

"முடியல தம்பி. சத்தம் செவத்துக்குள்ள போயிருது. ஒத்தையில நிக்க மாதிரி இருக்கு."

"இருங்கக்கா, உங்க காதுக்கு மட்டும் கொஞ்சம் ரிவெர்ப் போட்டு உடறனுங்க. சர்ச்சுல பாடற மாதிரியே இருக்குமுங்க."

ஏழாவது தடவை எங்கும் தடுக்காமல் பாடினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நான் திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாடி முடித்து, ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்து, கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார், முகமெல்லாம் சிரிப்பு. அதற்கப்புறம்தான் ரெக்கார்டிங்கை நிறுத்தினேன்.

"இப்ப எங்க ஊர்க் கோயில்ல நின்னு பாடுன மாதிரியே இருந்துச்சு தம்பி."

"சந்தோஷமுங்க அக்கா" என்று திரையைப் பார்க்கிறேன், ரிவெர்ப் சேனல் மியூட்டில் இருக்கிறது. அவர் காதுக்கு வெறும் குரல்தான் போயிருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. அவர் போன பிறகு பதிவைப் போட்டுக் கேட்டால், நம்பினால் நம்புங்கள், அந்தத் துணி மூட்டை அறையில் பாடிய பாட்டுக்கு வரிக்கு வரி நீளமாக எதிரொலி. நான் எதையும் தொடவில்லை, பாட்டு முடிகிற இடத்தில் வெட்டி அப்படியே கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். அது ஒலித்தபோது எஸ்தர் அக்கா அழவில்லை, கூடவே முணுமுணுத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருட வேலையில் அன்றைக்குப் போல நிறைவாக நான் வீட்டுக்குப் போனதில்லை. இன்றும் மனசு சரியில்லாவிட்டால் வெட்டாத அந்த முழுப் பதிவைத்தான் போடுகிறேன்.

ஆனால் கடைசிவரை கேட்பதில்லை. பாட்டு முடிந்ததும் ஹெட்ஃபோன் வைக்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம். அறையில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு, அடுத்த சரணத்தைத் தொடங்குவதற்காக ஒருவர் மூச்சை நன்றாக உள்ளே இழுப்பது கேட்கிறது. சரியாக அந்த இடத்தில் நான் அன்றைக்கு ரெக்கார்டிங்கை நிறுத்தியிருக்கிறேன்.